ஐட்லிங்கில் நிற்காத பழைய டிரக்

நேற்று மாலை டிரக்கை நியூட்ரலில் ஓடவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் ஒரு முறைகூட அணையவில்லை. டேக்கோமீட்டரில் நிமிடத்துக்கு 650 சுற்று. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் தானே மெதுவாக ஓடும் இந்த நிலைக்குத்தான் ஐட்லிங் என்று பெயர். இந்த இடத்துக்கு வந்து சேர ஆறு வார இறுதிகள் ஆயின. அவற்றில் மூன்று சுத்த வீண். அந்த வீண் வேலையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வண்டி 1970களின் பெட்ரோல் பிக்கப். நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், மேலே ஒற்றை பேரல் கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது), பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிட்டு அனுப்புவது), கைக்கியர். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. காலையில் சோக்கை (காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுவது) இழுத்தால் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகும். ஓட்டும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எஞ்சின் சூடாகி, சோக்கை உள்ளே தள்ளிய பிறகு எங்காவது நிறுத்தினால் போதும்: 400க்கு இறங்கும், ஒரு உதறு உதறும், அணைந்துவிடும். சிக்னலில் ஒரு கால் பிரேக்கிலும் அதே காலின் நுனி ஆக்சிலரேட்டரிலுமாகப் பல மாதம் ஓட்டினேன்.

சோக் இருக்கும்வரை ஒழுங்காக ஓடுகிறது, எடுத்தால் உதறுகிறது என்றால் எங்கோ காற்று கூடுதலாகப் போகிறது, அல்லது பெட்ரோல் குறைவாக வருகிறது. முதல் நாளே வண்டி இதைச் சொல்லிவிட்டது. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். திருப்புளியை எடுத்து ஐடில் ஸ்பீடு திருகை முடுக்கினேன். 1100 வைத்தால் அணையவில்லை. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் எஞ்சின் ஐந்தாறு வினாடி கடகடவென்று தானே ஓடிவிட்டுத்தான் நின்றது. ரிவர்ஸ் போட்டால் பல் உரசும் சத்தம். அந்தத் திருகால் திராட்டில் தட்டு (கார்புரேட்டருக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் தட்டு) அவ்வளவு திறந்திருந்தால் இக்னிஷன் போன பிறகும் உள்ளே இருக்கும் சூட்டுக்கே எரிய போதுமான கலவை கிடைத்துக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு இன்னொன்றும் கவனித்தேன், கவனித்துவிட்டு விட்டுவிட்டேன். மிக்ஸர் திருகை முழுவதும் உள்ளே முடுக்கி மூடினாலும் எஞ்சின் அணையவில்லை, சத்தம்கூட மாறவில்லை. அந்தத் திருகுதான் ஐட்லிங்குக்குப் போகும் பெட்ரோலுக்குக் குழாய் மாதிரி. குழாயை மூடியும் தண்ணீர் வருகிறதென்றால் வேறு வழியில் வருகிறது என்று அர்த்தம். நானோ திருகு தேய்ந்திருக்கும் என்று முடிவு கட்டினேன்.

இரண்டாவது வாரம் இக்னிஷன் பக்கம் போனேன். பிளக் ஆறு, பிளக் ஒயர் முழு செட், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டர், பாயிண்ட், கண்டென்சர் என்று எல்லாவற்றையும் மாற்றினேன். பிளக் இடைவெளி 0.9 மி.மீ., பாயிண்ட் இடைவெளி 0.45 மி.மீ. என்று ஃபீலர் கேஜ் வைத்துப் பொறுமையாகச் செய்தேன். கழற்றிய ஆறு பிளக்கும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தன. பெட்ரோல் குறைந்து, காற்று கூடி எரிந்தால் அப்படித்தான் இருக்கும். அதையும் பார்த்துக்கொண்டே பழைய பிளக்கைத் தூக்கிப் போட்டேன். பலன்: ஸ்டார்ட் இன்னும் கொஞ்சம் சுலபமாயிற்று. ஐட்லிங் அப்படியேதான்.

மூன்றாவது வாரம் டைமிங், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் பிளக்கில் பொறி விழ வேண்டும் என்பது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பினால் ஐடில் ஏறுகிறது என்று கண்டுபிடித்து மகிழ்ந்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய், லைட் வைத்துப் பார்த்தபோது 16 டிகிரி நின்றது. இந்த எஞ்சினுக்கு 8 போதும். பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் வந்த பிறகுதான் புத்தி வந்தது. மூன்று வாரத்தில் நான் செய்ததெல்லாம் ஒரு கோளாறின் மேல் மூன்று போர்வை போட்டதுதான்.

நான்காவது வாரம் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றி, குழாயின் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்து, டைமிங்கை 8 டிகிரிக்கு இறக்கினேன். மிக்ஸர் திருகை மெதுவாக மூடி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்றுத் திறந்தேன். வால்வு இடைவெளி, ஏர் ஃபில்டர் எல்லாம் சரியாகவே இருந்தன. பிறகு இந்த முழு வேலையிலும் நான் வாங்கிய மிக உருப்படியான பொருள்: ஒரு வேக்குவம் கேஜ், எஞ்சின் எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்று காட்டுவது. அதை இன்டேக் மேனிஃபோல்டில் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாயில்) மாட்டி, எஞ்சின் அணையாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் ஸ்பீடு திருகை வைத்து, 700இல் பார்த்தேன்.

நல்ல எஞ்சின் கடல்மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் வரை காட்ட வேண்டும். உயரம் போகப் போக, ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். என் கேஜில் 13. மகளைக் கேஜைப் பார்த்துச் சொல்லச் சொல்லிவிட்டு நான் குனிந்து தேடினேன். "முள்ளு ஆடலப்பா, ஆனா கீழதான் நிக்குது" என்றாள். முள் துடித்திருந்தால் வால்வு, பிளக் என்று சந்தேகப்பட வேண்டும். ஆடாமல் தாழ்ந்து நின்றால் பெரும்பாலும் டைமிங் தாமதம், இல்லையென்றால் காற்றுக் கசிவு. டைமிங் அப்போதுதான் வைத்தது. ஆக, கசிவு.

குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நசுக்கிப் பார்த்தேன். பிரேக் பூஸ்டர் குழாய்: மாற்றம் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் குழாய்: இல்லை. பிசிவி வால்வைப் (எஞ்சின் அடியில் சேரும் புகையை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்புவது) பிடுங்கிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஆடியது. வாயை விரலால் மூடினால் எஞ்சின் கொஞ்சம் இறங்கியது. அதுவும் நல்லதுதான். குழாய்கள் எல்லாம் குற்றமற்றவை.

அடுத்து கார்ப் கிளீனர் ஸ்பிரே. கசிவு இருக்கும் இடத்தில் அடித்தால் எஞ்சின் அதை உறிஞ்சி வேகம் மாறும். ஆனால் இது போன்ற ஆறு சிலிண்டர் எஞ்சின் பலவற்றில் இன்டேக்குக்கு நேர் கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (சூடான புகை வெளியேறும் குழாய்) போகிறது. ஸ்பிரே சொட்டி அதன் மேல் விழுந்து குப்பென்று ஒரு நீல நாக்கு எழும்பி அடங்கியது. ஒரு வினாடிதான். புருவ முடி கொஞ்சம் போயிற்று. மகளை உடனே உள்ளே அனுப்பிவிட்டேன். சூடான எஞ்சினில் அந்த முறையை இனிமேல் தொடமாட்டேன்.

அதற்குப் பதில், பற்றவைக்காத புரோபேன் டார்ச். முனையில் அரை மீட்டர் ரப்பர் குழாயை மாட்டி, வால்வை மிகக் கொஞ்சமாகத் திறந்து, குழாயின் நுனியைச் சந்தேகப்படும் இடத்தில் காட்டிக்கொண்டே போக வேண்டும். இதுவும் எரியும் வாயுதான். ஆனாலும் சொட்டுவதில்லை, நுனி எங்கே இருக்கிறதோ அங்கேதான் வருகிறது. திறந்த வெளியில், கையெட்டும் தூரத்தில் தீயணைப்பானை வைத்துக்கொண்டு செய்தேன். மேனிஃபோல்ட் இணைப்பு முழுவதும்: ஒன்றுமில்லை. கார்புரேட்டர் அடிப்பகுதியின் இடது காது (நட்டு போட்டு இறுக்கும் நீட்டல்): 700 இருந்தது 740 ஆயிற்று. ஆக்சிலரேட்டர் கம்பி மாட்டும் பக்கம், திராட்டில் ஷாஃப்ட் (அந்தத் தட்டைச் சுழற்றும் தண்டு) வெளியே வரும் இடம்: ஒரே தாவலில் 830.

எஞ்சினை நிறுத்திவிட்டு அந்த ஷாஃப்ட்டைக் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். டக், டக் என்று கேட்டது. இத்தனை வருடமாக ஸ்பிரிங் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்ததில் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறது. இவ்வளவு நாள் நான் திருகிய திருகுக்கும் அந்தத் துளைக்கும் இடையே இரண்டு அங்குலம்கூட இருக்காது.

ஐந்தாவது வாரம் கார்புரேட்டரைக் கழற்றினேன். பேட்டரி இணைப்பை எடுத்து, பெட்ரோல் குழாயை அடைத்து, ஒவ்வொரு கம்பியையும் குழாயையும் போட்டோ எடுத்துவிட்டுத்தான் கை வைத்தேன். கிண்ணத்தின் அடியில் பழைய பெட்ரோல் காய்ந்து பச்சையாகப் பிசின் போல ஒட்டியிருந்தது. கிளீனரில் ஊறப்போட்டு, எல்லாத் துளைகளிலும் காற்றடித்தேன். ஒரு துளையில் மட்டும் காற்று போகவில்லை: ஐடில் ஜெட் குழாய், ஐட்லிங்குக்குப் பெட்ரோல் வரும் நுண்துளை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இருட்டு. மின் ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி, கிளீனரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குத்திக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரம் கழித்து ஊசி முனையளவு வெளிச்சம் தெரிந்தது. கடைசியில் 0.7 மி.மீ. டிரில் பிட்டின் வழுவழுப்பான பின்பக்கம் தடையின்றிப் போயிற்று. எஃகுக் கம்பியால் குத்தியிருந்தால் மெல்லிய பித்தளைத் துளை பெரிதாகியிருக்கும், பிறகு எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது.

ஆக, இரண்டு கோளாறு ஒன்றாகக் குடியிருந்திருக்கின்றன. ஷாஃப்ட் வழியே காற்று கூடுதல், ஜெட் வழியே பெட்ரோல் குறைவு. மிக்ஸர் திருகை மூடியும் எஞ்சின் ஓடியதன் காரணமும் அப்போதுதான் தலைக்குள் ஏறியது. ஐடில் துளைக்குச் சற்று மேலே, திராட்டில் தட்டின் விளிம்பை ஒட்டி ஒரு நீளமான பிளவு இருக்கிறது. ஐட்லிங்கிலிருந்து ரேஸுக்குப் போகும் இடைவெளியைச் சமாளிக்கத்தான் அது. நான் ஸ்பீடு திருகை முடுக்கித் தட்டை அவ்வளவு திறந்ததில் அந்தப் பிளவு முழுக்க வெளியே வந்து, அதன் வழியாகவே எஞ்சின் குடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பாதையும் அதே அடைபட்ட ஜெட்டைத் தாண்டித்தான் வருகிறது என்பதால், வேகம் கூடியும் உதறல் முழுதாகப் போகவில்லை.

அடிப்பகுதியைத் தடித்த கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தால் இடது காது தூக்கிக்கொண்டு நின்றது. 0.2 மி.மீ. ஃபீலர் தாராளமாக நுழைந்தது. எனக்கு முன்னால் யாரோ நட்டை வெறிகொண்டு இறுக்கியிருக்கிறார்கள். கண்ணாடிமேல் 220 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, அடிப்பகுதியை எட்டு வடிவத்தில் தேய்த்து, பிறகு 400இல் முடித்தேன்.

இனி ஷாஃப்ட். திராட்டில் தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு சிறிய திருகுகளின் நுனி பின்பக்கம் நசுக்கப்பட்டிருக்கும், கழன்று எஞ்சினுக்குள் விழாமல் இருப்பதற்காக. அந்த நசுங்கலை அரத்தால் தேய்த்து எடுக்காமல் திருகினால் திருகு உள்ளேயே முறியும். தேய்த்துவிட்டுத்தான் கழற்றினேன். தட்டின் மேல்பக்கம் எது, எந்தப் பக்கம் வெளியே என்று கீறி அடையாளம் வைத்தேன். ஷாஃப்ட் 8 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவு, அதாவது பதினாறில் ஐந்து அங்குலம். துளையில் ஆட்டம் 0.35 மி.மீ. புதிதில் அது 0.1க்கு உள்ளே இருக்கும்.

வெண்கலப் புஷ் (தேய்ந்த துளைக்குள் போடும் வளையம்) இரண்டும், எட்டில் மூன்று அங்குல ரீமர் (துளையைச் சரியான அளவுக்கு விரிக்கும் கருவி) ஒன்றும் தேவைப்பட்டன. ரீமரைத் தெரிந்த லேத்காரர் ஒருவரிடம் இரவல் கேட்டேன். கொடுத்துவிட்டு, "தம்பி, கையில புடிச்சு போடாத. எதிர்த் துளைய வழிகாட்டியா வச்சு போடு, இல்லன்னா ரெண்டும் ஒரு கோட்டுல வராது" என்றார். தலையாட்டிவிட்டு வந்து கையில் பிடித்தே போட்டேன். ஒரே பக்கம்தானே என்ற அலட்சியம். புஷ்ஷை அடித்து ஷாஃப்ட்டை நுழைத்தால் பாதியில் சிக்கி நின்றது. எதிர்ப்பக்கத்தை இன்னும் கொஞ்சம் விரித்தால் சரியாகும் என்று நினைத்து, அதையும் கெடுத்தேன்.

அதே மாடல் கழிவுக் கார்புரேட்டர் ஒன்றைத் தேடி வாங்க ஒரு வாரம் போயிற்று. இந்த முறை டிரில் பிரஸ். தேய்வு குறைந்த பக்கத்தின் துளையில் ஷாஃப்ட் அளவே இருக்கும் ஒரு நேர்க் கம்பியைச் செருகி, அதை அச்சாக வைத்து அடிப்பகுதியை மேசையில் பிடித்துக் கட்டினேன். ரீமரை மிக மெதுவாக, எண்ணெய் விட்டு, ஒரு பக்கம் முடித்துப் புஷ் போட்ட பிறகு அதையே வழிகாட்டியாக்கி மறுபக்கம். புஷ்ஷின் வெளிப்பக்கம் லாக்டைட் பசை ஒரு சொட்டு. உள்முனை பேரலுக்குள் துருத்தினால் தட்டு முழுதாக மூடாது. எனவே அரை வட்ட அரத்தால் பேரலின் வளைவோடு சமமாகத் தேய்த்தேன். கடைசியில் ஷாஃப்ட் தன் எடைக்கே சுழன்று விழுந்தது, மேலும் கீழும் ஆட்டினால் மட்டும் அசையவில்லை. அந்த இரண்டும் சேர்ந்து வருவதுதான் பார்க்க வேண்டியது.

தட்டை மாட்டும்போது திருகுகளைத் தளர்வாக வைத்து, ஷாஃப்ட்டை முழுக்க மூடி, தட்டு தானாகவே நடுவில் உட்காரும்படி இரண்டு முறை தட்டிவிட்டேன். விளக்குக்கு நேரே பிடித்தால் விளிம்பைச் சுற்றி ஒரே சீரான நூல் அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிறை போலத் தெரிந்தால் மறுபடி தளர்த்த வேண்டும். மூன்றாம் முறை வந்தது. இறுக்கி, திருகு நுனியை மறுபடி நசுக்கினேன்.

எஞ்சினில் ஏற்றும் முன் மேசையிலேயே ஒரு வேலை. அடிப்பகுதியைத் தலைகீழாகப் பிடித்து, நான் சொன்ன அந்தப் பிளவில் எவ்வளவு தட்டுக்குக் கீழே தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே ஸ்பீடு திருகை வைத்தேன். பிளவின் அகலம் எவ்வளவோ அவ்வளவு உயரம் தெரிந்தால், அதாவது ஒரு சின்னச் சதுரம் மாதிரி தெரிந்தால், அங்கிருந்து தொடங்கலாம்.

ஆறாவது வாரம் பொருத்தினேன். 15 நியூட்டன் மீட்டர் இறுக்கம், அந்தப் பக்கம் கொஞ்சம் இந்தப் பக்கம் கொஞ்சமாக மாற்றி மாற்றி. ஸ்டார்ட் செய்தால் கேஜில் 16. நல்லதுதான், ஆனால் நான் இன்னும் அதிகம் எதிர்பார்த்தேன். மறுபடி புரோபேன் குழாயை எடுத்துச் சுற்றினால், பின்பக்க அடியில் வேகம் ஏறியது. ரிப்பேர் கிட்டில் கார்புரேட்டருக்கு அடியில் போடும் பேக்கிங் (கசிவை அடைக்கும் தகடு) மூன்று வந்திருந்தது, மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி. நான் போட்டதில் பின்பக்கம் பிசிவி வாய்க்காலுக்கு மேல் விளிம்பு 2 மி.மீ. மட்டுமே உட்கார்ந்திருந்தது. பழைய பேக்கிங்கின் துணுக்குகளை வைத்து ஒப்பிட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். சரியானதை மாற்றினேன். 19. முள் அசையவே இல்லை.

பிறகு டியூனிங். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மிக்ஸர் திருகை வேக்குவம் ஏறும் திசையில் திருப்பிக்கொண்டே போய், உச்சம் வந்ததும் ஸ்பீடு திருகைக் குறைத்து, மறுபடி மிக்ஸர். மூன்று சுற்று இப்படி. இந்த முறை மிக்ஸர் திருகை மூடியதும் எஞ்சின் தடுமாறி அணைந்தது. ஒரு எஞ்சின் அணைந்ததற்குச் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. கடைசியில் ஒன்றே முக்கால் சுற்றில் நின்றது.

ஸ்பீடு திருகின் பக்கத்தில் சின்னச் சோலனாய்டு (மின்சாரம் வந்தால் ஒரு தண்டை நீட்டுவது) ஒன்று இருந்தது, அதன் ஒயர் எப்போதோ கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. சாவி போட்டிருக்கும்போது அது திராட்டிலைத் தாங்கிப் பிடிக்கும், சாவியை எடுத்ததும் விட்டுவிடும்; தட்டு முழுக்க மூடிக்கொள்வதால் எஞ்சின் கடகடவென்று ஓடாமல் நின்றுவிடும். ஒயரைப் பொருத்தி, 650ஐ அந்தச் சோலனாய்டின் நீளத்தை வைத்தே அமைத்தேன். இப்போது சாவியைத் திருப்பினால் எஞ்சின் அந்த நொடியே நின்றுவிடுகிறது.

செலவென்று பார்த்தால் புஷ், பேக்கிங் கிட், கழிவுக் கார்புரேட்டர், வேக்குவம் கேஜ் எல்லாம் சேர்த்தும் இரண்டாவது வாரம் வாங்கிய இக்னிஷன் சாமான்களின் பாதியைத் தாண்டவில்லை. அந்தக் கழிவுக் கார்புரேட்டரும் என் அவசரத்துக்குக் கொடுத்த அபராதம்தான். அடுத்த முறை வேறு எதையும் தொடும் முன் கேஜை மாட்டுவேன், ஷாஃப்ட்டை விரலால் ஆட்டிப் பார்ப்பேன், ரீமரைக் கையில் பிடிக்க மாட்டேன். டைமிங் தொடக்கத்தில் எத்தனை டிகிரி இருந்தது என்று குறித்துக்கொள்ளாமலே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியதும் முட்டாள்தனம்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஐட்லிங்கிலிருந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை மிதித்தால் அரை வினாடி யோசித்துவிட்டுத்தான் எழும்புகிறது. திராட்டிலைக் கையால் திறந்து மேலிருந்து பார்த்தால் பம்பிலிருந்து பெட்ரோல் பீய்ச்சுவது மெல்லிதாக, தாமதமாக இருக்கிறது. கிட்டில் வந்த பம்ப் டயாஃப்ரம் (சவ்வு) பழையதைவிட விறைப்பு. நல்ல வேளை, பழையதை இன்னும் தூக்கிப் போடவில்லை.